காந்தக் காப்பு போட்ட கை

ஒரு பொருள் கீழே விழுந்து உடைந்தால் நாமெல்லாம் உடைந்ததைப் பார்ப்போம். அவர் சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். அவசரமே இருக்காது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து ஒன்றில் நிறுத்துவார். அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் அன்றைக்குத் தொலைந்தான். கத்தமாட்டார், திட்டமாட்டார். ஈரோட்டுப் பக்கத்து மரியாதை ஒரு சொட்டும் குறையாமல், "ஏனுங்க, நீங்க கொஞ்சம் பாத்திருக்கலாமில்லீங்களா?" என்பார். நீங்கள் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். உடைத்தது அவர் கையாக இருக்கும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. பயமொன்றும் இல்லை. அந்தப் பெயரை இன்னொரு முறை எழுதுகிற அளவுக்கு எனக்கு அவர்மேல் மரியாதை கிடையாது, அவ்வளவுதான். பட்டாபிராமில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் அவர் மூன்றாவது மாடி, நான் முதல் மாடி. அவர் ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். நான் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எப்படிச் செயலாளர் ஆனார் என்று கேட்கக்கூடாது. வேறு யாரும் கை தூக்கவில்லை, அவர் தூக்கினார்.

ஆபீசிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த சொல் ஒன்று உண்டு. ரூட் காஸ், அதாவது மூலகாரணம். எதற்கெடுத்தாலும், "ரூட் காஸ் என்னன்னு பாக்கணுமுங்க. மேலோட்டமா பாத்தா வேலைக்காவாதுங்க" என்பார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். லிஃப்ட் நின்றால் ரூட் காஸ். குப்பை வண்டி வராவிட்டால் ரூட் காஸ். ஆனால் அவருடைய அகராதியில் ரூட் காஸ் என்றால் தேய்ந்த வயரோ அடைத்த குழாயோ கிடையாது. ரூட் காஸ் என்றால் ஒரு ஆள். அந்த ஆள் ஒருநாளும் அவர் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்ப் மோட்டாரைப் போட்டுவிட்டு, அதை மறந்து, ஆவடி மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். மேலே டேங்க் நிரம்பி, தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே நிறுத்தியிருந்த வண்டிகளைக் கழுவிவிட்டது. பையோடு திரும்பி வந்தவர் அந்த வெள்ளத்தில் நின்றபடி முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். தரைத்தளத்தில் ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது. அவர்கள் முந்தின நாளே திருத்தணி போயிருந்தார்கள். ஊரிலேயே இல்லாதவர்களை என்ன சொல்ல முடியும் என்று நினைத்தோம். "அதானுங்க ரூட் காஸ். அவங்க ஊர்ல இருந்திருந்தா தண்ணி செலவாகியிருக்குமில்லீங்க? டேங்க்கு இவ்வளவு சீக்கிரம் நெறைஞ்சிருக்காது. போறவங்க சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமுங்க" என்றார். திருத்தணியிலிருந்து பிரசாதத்தோடு திரும்பிய வாத்தியார், எதற்கென்றே தெரியாமல் இவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

காரைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடிப்பார். அடிக்கடி இடிப்பார். முதல் தடவை, வெள்ளைத் தூண் வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை, யார் வெள்ளை அடிக்கச் சொன்னது என்று கேட்டார். சங்கச் செலவில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டோம். அடுத்த தடவை இடித்துவிட்டு, கோடு கண்ணைக் கட்டுகிறது, யார் இப்படி நெருக்கமாகப் போடச் சொன்னது என்று கேட்டார். அவர் மனைவி அதிகம் பேசாதவர். அவர்தான் ஒருநாள் டிரைவர் வைத்துவிடலாம் என்றாராம். வீட்டிலிருந்து ஒரு பழியாவது வெளியே போகட்டும் என்று நினைத்திருப்பார் என்றாள் என் மனைவி.

இதில் எனக்கு ஆத்திரம் எங்கே வரும் என்றால், அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லுகிறவனை மடக்கலாம். கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஓர் இடத்தில் தடுமாறுவான், பிடித்துக்கொள்ளலாம். இவர் உண்மையிலேயே நம்புவார். தான் ஒரு தப்புச் செய்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அந்தத் தலைக்குள் நுழைய வழியே இல்லை. அதனால் அவர் முகத்தில் எப்போதும் ஒரு தெளிவு இருக்கும். நல்ல தூக்கம் தூங்குகிறவனின் தெளிவு. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிரைவராக வந்தவர் ஏழுமலை. அம்பத்தூர்ப் பழைய ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். தாத்தா காலத்து நிலமெல்லாம் தொழிற்பேட்டையாக மாறிப்போன குடும்பம். பட்டாபிராமில் ஒரு சின்ன வாடகை வீட்டில் மனைவியோடும் கல்லூரி போகிற மகளோடும் இருந்தார். தூணில் ஒரு கீறல் விழாமல் காரை எடுப்பார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அப்போது அவர் தினக்கூலிக்கு வந்துபோகிற ஆக்டிங் டிரைவர்தான். ஆனால் நம்முடைய செயலாளர் மாங்காட்டில் ஒரு தனி வீடு கட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் டிரைவருக்கென்று ஓர் அறை. "புது வீட்டுக்குப் போனதும் நீ பெர்மனென்ட்டுப்பா. அந்த ரூமு உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அதை நம்பி ஏழுமலை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரும் வேறு ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். ஆக, அந்த மாங்காட்டு அறை கிடைத்தால் ஏழுமலைக்கு வேலையும் உண்டு, வீடும் உண்டு. இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

டிரோன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அது ஒரு பைத்தியம். மனிதன் ஏறுகிற விமானம் இல்லை, நாலு மோட்டார் வைத்த சின்ன டிரோன். பாகம் பாகமாக வாங்கி நானே செய்வேன். மோட்டார் கருகும், விரல் கிழியும், வீட்டில் திட்டு விழும், அடுத்த மாதம் மறுபடியும் செய்வேன். அதைப் பறக்க வைப்பது பெரிய காரியம் இல்லை. நிற்க வைப்பதுதான் காரியம். ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டால் காற்றில் விட்ட இடத்திலேயே, விட்ட உயரத்திலேயே அது நிற்க வேண்டும். அதற்கு உள்ளே மூன்று சமாசாரங்கள் ஒத்துப்போக வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று ஜி.பி.எஸ். சொல்லும். எவ்வளவு உயரம் என்று காற்றழுத்தத்தை வைத்து ஒரு சின்ன சென்சார் சொல்லும். மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று காம்பஸ் சொல்லும். காம்பஸ் மட்டும் தப்பாகச் சொன்னால் போச்சு. வடக்கே நகர வேண்டிய டிரோன் வடகிழக்கே நகரும். இடம் தப்பிவிட்டதே என்று திருத்தப்போய் இன்னும் தப்பும். அப்படியே வட்டமடிக்க ஆரம்பித்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், எதிலாவது மோதும்.

என் டிரோனை ஒருநாள் பார்த்துவிட்டார். அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன. மாங்காட்டு வீட்டுக் கிரகப்பிரவேசத்தை மேலிருந்து படம் பிடிக்க வேண்டும், அதுவும் தன் கையால் செய்த டிரோனில் பிடிக்க வேண்டும் என்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்துதான் என் கதவைத் தட்டினார். ஒவ்வொரு பாகத்திலும் இருப்பதிலேயே விலை உயர்ந்ததாக வரவழைத்தார். என் சாப்பாட்டு மேசையில் வைத்து நான்தான் வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தொட வேண்டிய இடத்தை நான் தொடுவதற்குச் சற்று முன்னால் விரலால் காட்டுவார். அதற்குப் பெயர் தன் கையால் செய்வது.

எங்கள் பகுதியில் பறக்கவிட முடியாது. ராணுவ இடங்கள் இருக்கின்றன, வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும். பச்சையாகக் காட்டுகிற இடமாகத் தேடி, பூந்தமல்லியைத் தாண்டி வெகுதூரம் போவோம். அவருடைய நண்பர் ஒருவர் மனை போட்டுக் கல் நட்டு, இன்னும் யாரும் வீடு கட்டாமல் கிடந்த மைதானம் அது. ஒரு பக்கம் பழைய கோடவுன் சுவர், எதிர்ப்பக்கம் சாலையோரம் ஒரு இரும்பு கேட். ஏழுமலை காரில் கொண்டுபோய் இறக்குவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார். அது டிரைவர் வேலையில் சேர்த்தி இல்லை. இருந்தாலும் செய்வார். மாங்காட்டு அறை மனதில் இருந்தது.

முதல் தடவை டிரோன் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. ஏறும், இறங்கும், திடீரென்று இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். உயரம் பார்க்கிற சென்சார்மேல் நேராகக் காற்று அடித்தால் அப்படித்தான் ஆகும். அதன்மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்ட வேண்டும். நான் ஒட்டித்தான் கொடுத்திருந்தேன். அழுக்காக இருக்கிறது என்று அவர் பிய்த்துப் போட்டிருந்தார். "ஸ்பாஞ்சு அவ்வளவு முக்கியம்னா அதை அழுக்காகாத கலர்ல நீங்க ஒட்டியிருக்கணுமில்லீங்க?" என்று என்னைக் கேட்டார். பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். உயரம் நின்றது.

அடுத்த தடவை ஜி.பி.எஸ். சேட்டிலைட்டுகளைப் பிடித்து முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், தூக்கிவிட்டார். அது காற்று போன பக்கமெல்லாம் போனது. நான் ரிமோட்டைப் பிடுங்கி இறக்கினேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கேயும் ஆள் தேடுகிறார் என்று நினைத்தேன், சரியாகப்போயிற்று. "வெளிநாட்டுக்காரன் சேட்டிலைட்டுங்க. நம்ம ஊருப் பக்கம் சிக்னலைக் கம்மியாத்தான் விடுவான்" என்றார். ஏழுமலை என் காதருகே வந்து, "இன்னா சார் இவுரு, ஆகாசத்துல கீறவனக் கூட உடமாட்றாரு" என்றார். நான் சிரிப்பை அடக்கக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன்.

அதற்குப் பிறகு காத்திருக்கக் கற்றுக்கொண்டார். சேட்டிலைட் கிடைத்தது, உயரமும் நின்றது. ஆனால் வட்டமடிக்க ஆரம்பித்தது. ரிமோட்டிலிருந்து கையை எடுத்தால் கொஞ்ச நேரம் நிற்பதுபோல் காட்டிவிட்டு, மெல்லச் சுற்றத் தொடங்கும். காம்பஸ் கோளாறு என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் காம்பஸில் கோளாறே இல்லை. என் வீட்டில் நான் சரிபார்த்துக் கொடுத்தால் சரியாக இருக்கும். மைதானத்துக்கு வந்ததும், "நானே ஒருதடவை பண்ணிக்கறனுங்க, அடுத்தவங்க பண்ணுனதை நம்பி எறங்கக் கூடாது" என்று எடுத்துக்கொள்வார். காம்பஸைச் சரிசெய்வது இப்படித்தான்: டிரோனைக் கையில் பிடித்து, மூக்கை மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எல்லாத் திசையிலும் சுற்றிக் காட்ட வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. அவர் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். நான் கூடவே நின்று பார்த்தேன். தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்று ஞாயிறு மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின ஞாயிறு. வெயில் கொளுத்தியது. எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தான் போடுகிறவர் அன்றைக்கு டி ஷர்ட்டில் வந்தார். காம்பஸை அவரே சரிசெய்தார். நான் சாலைப்பக்கம் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கினார். நின்ற இடத்தில் நிற்கும் மோடில் போட்டார். சுற்ற ஆரம்பித்தது. "ரிமோட்டைக் குடுங்க சார், இறக்கிடறேன்" என்றேன். கொடுக்கவில்லை. "இருங்க, அதுவே செட்டில் ஆகும்" என்றார். வட்டம் பெரிதானது. ஒரு சுற்றில் கோடவுன் சுவரை உரசிக்கொண்டு போனது. அடுத்த சுற்றில் உரசவில்லை, மோதியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். புரொப்பெல்லர் இரண்டு உடைந்திருந்தன, ஒரு கால் வளைந்திருந்தது. மற்றபடி தப்பித்தது. மாற்றிவிடலாம் என்று திரும்பிச் சொன்னால், அவர் டிரோனைப் பார்க்கவே இல்லை. முகம் தேடிக்கொண்டிருந்தார். மைதானத்தில் மொத்தமே மூன்று பேர். ஒன்று அவர், ஒன்று நான். கொஞ்சம் தள்ளி, காரின் நிழலில், ஏழுமலை மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா ஏழுமலை, போன்ல பேசிட்டா இருந்த?"

"ஆமா சார். ஊட்ல கூப்ட்டாங்கோ."

"போன்ல ஸ்பீக்கர் இருக்குதில்லப்பா? ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கும். காந்தம் பக்கத்துல இருந்தா காம்பஸ் என்ன ஆகும்?" என்னைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் அந்தத் தெளிவு. "கண்டுபிடிச்சுட்டனுங்க. மூணு வாரமா நீங்க தேடுனீங்களே, ரூட் காஸ் இவன்தானுங்க."

ஏழுமலையை நோக்கி அவர் நீட்டிய கையை அப்போதுதான் பார்த்தேன். மணிக்கட்டில் செம்புக் காப்பு ஒன்று. இரண்டு முனையிலும் குண்டு குண்டாக இரண்டு கறுப்புக் காந்தம். பி.பி. குறையும் என்று பொருட்காட்சியில் விற்பார்களே, அது. முழுக்கைச் சட்டைக்குள் இத்தனை நாளும் அது இருந்திருக்கிறது. அந்தக் கையால் டிரோனைப் பிடித்துத்தான் ஒவ்வொரு ஞாயிறும் காம்பஸுக்குத் திசை சொல்லிக்கொடுத்திருக்கிறார். காப்பில் இருக்கிற காந்தத்தை டிரோனின் ஒரு பாகம் என்று காம்பஸ் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கையை எடுத்ததும் கணக்கு தப்பிவிடும். அந்தக் காப்புக் கையை நீட்டிக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் போனில் காந்தம் இருக்கிறது என்கிறார் மனிதர்!

"சார், காந்தம் உங்க கையில இருக்கு" என்றேன்.

காப்பைப் பார்த்தார். "இது காப்பருங்க. பி.பி.க்குப் போட்டிருக்கறனுங்க. காப்பர்ல எங்கீங்க காந்தம் வரும்?"

பேசிப் பயனில்லை என்று பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் காப்பின் அருகே கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கையை விட்டேன். ஸ்க்ரூ டிரைவர் அவர் மணிக்கட்டில் தொங்கியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க ஸ்க்ரூ டிரைவர் காந்த முனையுங்க. ஸ்க்ரூ கீழ விழாம இருக்கறதுக்குக் கம்பெனிக்காரனே காந்தம் ஏத்தி விடுவான். அதானுங்க இந்த இரும்புக் குண்டுல ஒட்டிக்கிச்சு. தெரியாதுங்களா?" என்றார்.

என் ஸ்க்ரூ டிரைவர் காந்த முனைதான். அவர் கையிலிருந்து அதைப் பிய்த்துப் பெட்டியில் போட்டேன்.

ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார். "சார், நா இன்னா சார் பண்ணேன்? நா பாட்டுக்கு ஓரமா நின்னுக்கினு பேசிக்கினு இருந்தேன். அது குத்தமா?"

"குத்தம்னு சொல்லலப்பா. ரூட் காஸ்னுதான் சொல்றேன்" என்றார் அவர், மிகவும் பிரியமாக.

எனக்கு வெறியே வந்துவிட்டது. இந்த ஆளிடம் வாதம் செய்யக்கூடாது, கண்ணெதிரே நிறுத்திக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். இன்று இதை நிற்க வைத்தால் ஏழுமலை தப்பித்தார், அவர் அறையும் தப்பித்தது. "ஒரே ஒரு தடவை நான் காம்பஸ் போட்டு நானே ஓட்டறேன். நின்னுச்சுன்னா நான் சொன்னதுதான் காரணம், ஒத்துக்கணும்" என்றேன். "தாராளமாப் பண்ணுங்க" என்றார். அதோடு விட்டாரா? "ஏழுமலை, நீ எதுக்கும் போனை ஆஃப் பண்ணிட்டு அந்த கேட்டுக்கிட்டப் போய் நில்லப்பா" என்றார். அவர் இங்கேயே நிற்கட்டும், அப்போதுதான் தெரியும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "ரிஸ்க் எதுக்குங்க?" என்றார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். நடந்து போனார்.

புரொப்பெல்லர்களை மாற்றினேன். காலை நிமிர்த்தினேன். என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காரில் வைத்தேன். டிரோனைத் தூக்கிக்கொண்டு அவரைவிட்டுத் தள்ளிப்போய் எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்டினேன். தரையில் வைத்து, சேட்டிலைட்டெல்லாம் கிடைக்கும்வரை நின்றேன். மனதுக்குள் எனக்கு ஒரு வேண்டுதல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தூக்கினேன். தென்னை உயரத்துக்குப் போனதும் மோடைப் போட்டு, ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அறைந்து வைத்த மாதிரி நின்றது. காற்று வந்தால் கொஞ்சம் சாய்ந்து காற்றோடு மல்லுக்கட்டும், போனதும் நிமிரும், இடத்தை விடாது. எத்தனை டிரோன் செய்திருக்கிறேன், அப்படி ஒன்று நின்று நான் பார்த்ததில்லை. கேட் பக்கம் பார்த்தேன். ஏழுமலை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, சின்னப் பிள்ளைபோல் ஆட்டினார். பிழைத்தோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமான சந்தோஷம். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"பாத்தீங்களா? அவன் அந்தப் பக்கம் போனான், இது நின்னுருச்சு."

"சார்!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஏழுமலண்ணே, இங்க வாங்க! போனை ஆன் பண்ணிக்கினு வாங்க!"

ஓடி வந்தார். டிரோனுக்கு நேர் கீழே நிறுத்தினேன். மனைவிக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னேன். "இன்னாமே, சும்மாதான் போட்டேன். சாப்டியா?" என்று பேசினார். மேலே டிரோன் இம்மி அசையவில்லை. நான் செயலாளரைப் பார்த்தேன்.

"இப்ப லாக் ஆயிருச்சுங்க. லாக் ஆனதுக்கப்பறம் யாரு வந்தாலும் ஒண்ணும் பண்ணாது. தொந்தரவெல்லாம் லாக் ஆகறப்பத்தானுங்க" என்றார்.

"அப்ப கீழ இறக்கறேன். நீங்க அந்தக் காப்போட இன்னொரு தடவை காம்பஸ் போடுங்க. பாப்போம்."

"நல்லா நிக்கறதை எதுக்குங்க கலைக்கணும்? வர்ற வாரம் விசேஷத்தை வெச்சுக்கிட்டு?"

எதைச் சொன்னாலும் அவரிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் தனியாகப் பார்த்தால் சரியாக இருந்தது. அதுதான் கொடுமை. ஒரு மனிதனை நான் அவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை. அவரோ என்னைப் பார்த்து அவ்வளவு நன்றியோடு சிரித்தார். பிறகு ஏழுமலையை அருகில் கூப்பிட்டார். குரல் தேனாக இருந்தது.

"ஏனப்பா, உம்மேல எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ நல்ல டிரைவரு. ஆனா எங்கிட்ட வேலை செய்யறவங்களுக்குக் கவனம் முக்கியம். மாங்காட்டுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். அந்த ரூமும் அவனுக்குத்தான் சரியா வரும். தப்பா எடுத்துக்காத."

நான் டிரோனை இறக்கிப் பெட்டிக்குள் வைத்தேன். ஏழுமலை பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் டிக்கியில் வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் செயலாளர் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரோன் நின்ற வீடியோவை யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டே வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து, இறங்கியதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கேட்கவும் கேட்டேன். கார் நின்ற இடத்திலேயே, வாட்ச்மேன் காது கேட்க, நன்றாகவே கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீங்க இன்னைக்கு வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார்.

ஏழுமலை தூணில் படாமல் காரை உள்ளே விட்டார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார். நான் ஸ்டேஷன் வரை கூடவே நடந்தேன். அவர் வீடு அந்தப் பக்கம்தான். இன்னும் சில நாளில் அதுவும் அவர் வீடு இல்லை. எங்கள் கம்பெனியில் வண்டி ஓட்ட ஆள் வேண்டுமா என்று நாளைக்கே கேட்கிறேன் என்றேன். சரி என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. "மேல போய் அவர் வீட்டம்மாகிட்டயாவது பேசிப் பாக்கறேன் அண்ணே. டிரோன் எதனால சுத்துச்சுன்னு புரியற மாதிரி சொன்னா..." என்றேன்.

அவர் நின்றார். என்மேல் கோபமில்லை. சொல்லட்டுமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது.

"வாணாம் சார். அது நிக்காம இருந்த வரிக்கும், ஒரு வாரம் ஸ்பாஞ்ச சொன்னாரு, ஒரு வாரம் சேட்லைட்ட சொன்னாரு. இந்த வாரம் என்னிய சொன்னாரு. அடுத்த வாரம் காத்த சொல்லிருப்பாரு, என்னிய மறந்துருப்பாரு. இப்டியே நானும் அந்த ரூம்புக்குப் போயிருப்பேன். நீதான் சார் போய் அத்த நிக்க வெச்சுட்ட."